கறவலாடுகளை மெதுவாய் நடத்துகிறவர்

ஒரு இளம் தாய் கேட்ட கேள்வி இது: "எனக்கு நாலு வயதில் ஒரு பையன், எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. கல்யாணத்துக்கு முன்பு வாலிபர் கூட்டத்தில் பாடுவேன், கிராம ஊழியத்துக்குப் போவேன், விடியற்காலையில் எழுந்து ஜெபிப்பேன். இப்போது வேலையையும் விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். நாள் முழுக்கச் சமையல், துணி, பிள்ளைகள். வேதத்தைத் திறந்தால் தூக்கம் வருகிறது. பையனிடம் கத்துகிறேன், சில நாள் அடித்தும் விடுகிறேன், அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன். ஆண்டவருக்காக ஒன்றுமே செய்யாமல் காலம் போகிறதே என்று பயமாக இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கிற தாய் விசுவாசத்தையும் அன்பையும் எப்படி வாழ்வது?"

தங்கச்சி, உங்கள் கேள்விக்குள் இரண்டு பாரம் இருக்கிறது. ஊழியம் செய்யவில்லையே என்பது ஒன்று, பிள்ளையிடம் கோபப்படுகிறேனே என்பது இன்னொன்று. ஓய்வுநாள் பள்ளியிலும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் வீட்டுக்கு இரண்டாவதுதான் பெரிய விஷயம். ஆனால் முதல் பாரம் இறங்காமல் இரண்டாவதைத் தொட முடியாது. குற்ற உணர்வோடு ஓடிக்கொண்டிருக்கிற தாய்க்குத்தான் கோபம் சீக்கிரம் வரும்.

ஏசாயா 40:11 நமக்கெல்லாம் மனப்பாடம். மேய்ப்பனைப்போல மந்தையை மேய்ப்பார், ஆட்டுக்குட்டிகளைப் புயத்தினால் சேர்த்து மடியிலே சுமப்பார் என்பதோடு நாம் பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். வசனம் அங்கே முடியவில்லை. "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்" என்றுதான் முடிகிறது. குட்டி ஈன்று பால் கொடுக்கிற ஆட்டை மற்ற ஆடுகளின் வேகத்துக்கு எந்த நல்ல மேய்ப்பனும் விரட்ட மாட்டான். ஆதியாகமம் 33-இல் அண்ணன் ஏசா பாசத்தில் "வா, சேர்ந்து போவோம்" என்று கூப்பிடும்போது யாக்கோபு சொல்வதும் இதுதான். பிள்ளைகள் சிறுசுகள், ஆடுமாடுகள் பால் கொடுப்பவை, "ஒருநாளாவது துரிதமாய் ஓட்டினால், மந்தையெல்லாம் மாண்டுபோம்" என்கிறான். உங்களை இன்று துரிதமாய் ஓட்டுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். கர்த்தர் அப்படி ஓட்டுகிறவர் இல்லை என்று வேதமே சொல்கிறது.

அன்னாளைப் பாருங்கள். பிள்ளைக்காக சீலோ ஆலயத்தில் அழுது ஜெபித்தவள், சாமுவேல் பிறந்த பிறகு அந்த வருஷத்துப் பண்டிகைக்குப் போகவில்லை. 1 சாமுவேல் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. பிள்ளை பால்மறக்கும்வரை வீட்டிலேயே இருக்கிறேன் என்று கணவனிடம் சொல்கிறாள், எல்க்கானாவும் உன் இஷ்டப்படி செய் என்கிறான். அந்தக் காலத்தில் பால்மறக்க இரண்டு மூன்று வருஷம்கூட ஆகும். அத்தனை நாளும் அவள் ஆலயத்தின் பக்கம் போகவில்லை என்று வேதம் அவளை எங்கேயும் குறை சொல்லவில்லை. உபவாசக் கூட்டத்துக்கு வரவில்லையா, முழு இரவு ஜெபத்துக்கு வரவில்லையா என்று யாராவது கேட்டால், அன்னாளும் சீலோவுக்குப் போகாமல் இருந்தாள் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

ஜெபத்துக்கு வருவோம். விடியற்காலை ஜெபம் நல்ல பழக்கம், பிள்ளைகள் வளர்ந்தபின் அது திரும்பக் கிடைக்கும். இரவில் மூன்று தடவை எழுந்து பால் கொடுத்தவள் விடிவதற்கு முன் எழுந்து முழங்காலில் நின்றால் அங்கேயே தூங்கிவிடுவாள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. இப்போதைக்கு வேறு வழி சொல்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு சங்கீதம் எடுத்துக்கொள்ளுங்கள். 121-ஆம் சங்கீதம் நல்ல தொடக்கம், எட்டே வசனம். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்பு மேடைக்கு மேலே கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். குக்கர் விசில் வரும்வரை நிற்கிற நேரத்தில் ஒரு வசனம், குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒரு வசனம். வார முடிவில் சங்கீதம் முழுவதும் உங்களுக்குள் இறங்கியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு இருட்டில் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்ற வசனம் தரும் ஆறுதலை, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தவரால் முழுதாக அறிய முடியாது. அந்த நேரத்தில் பெயர் சொல்லி ஜெபியுங்கள். கணவர் பெயர், பையன் பெயர், நாத்தனார் பெயர், சபையில் உடம்பு சரியில்லாதவர் பெயர். ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும்.

ஊழியம் என்ற வார்த்தை உங்களை உறுத்துகிறது, அதனால் நெல்லைச் சீமையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-இல் வட அயர்லாந்தில் பிறந்தவர், 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் கற்று, பொன்னம்மாள் போன்ற தமிழ்ப் பெண்களோடு மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொன்னார். அதில் அவருக்குப் பெரிய வாஞ்சை. 1901-இல் கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். அவளுக்குப் பின் இன்னும் பிள்ளைகள் வந்தார்கள், அப்புறம் கைக்குழந்தைகள். பால் காய்ச்சவும் துணி துவைக்கவும் காய்ச்சலுக்குக் கண் விழிக்கவும் ஆள் வேண்டியிருந்தது. ஊர்களுக்குப் போவது குறைந்தது. இத்தனை ஊர்களை விட்டுவிட்டுத் தாதி வேலை பார்ப்பது சரிதானா என்று அவரே கலங்கினார். அவருக்குக் கிடைத்த பதில் யோவான் 13. கர்த்தர் ஒரு சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவினார், வேலைக்காரன் தன் வேலையைத் தேர்ந்தெடுப்பதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளை வளர்த்த தோனாவூரே அவருடைய உலகமானது. 1951-இல் அங்கேயே கண் மூடினார். பிள்ளைகளுக்கு அவர் அம்மா. இன்று நெல்லைப் பக்கம் அவரை நினைக்கிற யாரும் அவர் பிரசங்கம் செய்த ஊர்களை எண்ணிக்கொண்டு இருப்பதில்லை.

சரி, இனி கோபம்.

1 கொரிந்தியர் 13-ஐ நாம் கல்யாண வீட்டில் வாசித்து வாசித்து அது ஏதோ மாலையும் மேளமுமான அதிகாரம்போல ஆகிவிட்டது. பவுல் அதை எழுதியது சண்டை போட்டுக்கொண்டிருந்த சபைக்கு. அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது, சினமடையாது, தீங்கு நினையாது என்பதெல்லாம் ஒருவரை ஒருவர் எரிச்சலூட்டிக்கொண்டு ஒரே இடத்தில் இருந்தாக வேண்டியவர்களுக்குச் சொன்னது. வீட்டைவிட அதற்குப் பொருத்தமான இடம் எது?

காலை ஏழே முக்கால் என்று வைத்துக்கொள்வோம். கல்லில் தோசை கருகுகிறது. ஒரு சாக்ஸ் இருக்கிறது, ஜோடியைக் காணோம். பாப்பா தொட்டிலில் அழுகிறாள். பையன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பார்க்கிறேன் என்று ஸ்கூல் டைரி மேலேயே கவிழ்த்துவிட்டான். தெருமுனையில் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். அந்த நொடியில் உங்கள் வாயிலிருந்து வருவதுதான் உங்கள் பையனுக்குத் தெரிந்த கிறிஸ்தவம். முந்தின இரவு நீங்கள் பாடின பாட்டு அவனுக்கு நினைவிருக்காது, "உன்னைப் பெத்ததுக்கு" என்று தொடங்கும் வாக்கியம் நினைவிருக்கும்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அந்த நொடியை முந்தின இரவே கொஞ்சம் மாற்ற முடியும் என்பதால் சொல்கிறேன். சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் எடுத்து யூனிஃபார்ம், இரண்டு சாக்ஸ், டைரி, பை எல்லாம் ஒரே நாற்காலியில் வைத்துவிடுங்கள். பாட்டிலை மட்டும் மேசை மேலே உயரத்தில் வையுங்கள். பையனையே கூப்பிட்டு சாக்ஸைத் தேடி எடுத்துவரச் சொல்லுங்கள், நாலு வயதுக்கு அது முடியும். இது என்ன ஆவிக்குரிய காரியமா என்று கேட்காதீர்கள். நாளைக் காலை ஒரு பிள்ளையின் மனம் உடையாமல் இருக்க இன்று இரவு செய்யும் வேலை அன்புதான்.

கோபம் வருகிற நேரங்களைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். பல நாள் அது தாய் பசியோடு இருக்கிற நேரமாக இருக்கும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பதினோரு மணிக்கு ஆறிப்போன தோசையை நின்றுகொண்டே சாப்பிடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டபோது தேவன் முதலில் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றார். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தது. சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டான், இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். 1 இராஜாக்கள் 19. தேவன் மெல்லிய சத்தத்தில் அவனோடு பேசியதெல்லாம் அதற்குப் பிறகுதான். பையனுக்கு ஊட்டும்போதே உங்கள் தட்டிலும் இரண்டு தோசை போட்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள். தியாகம் செய்கிறேன் என்று பட்டினி கிடந்தால் அதன் விலையைப் பிள்ளைகள்தான் கொடுப்பார்கள்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழுகை நாள்தோறும் வருகிறது, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, பாப்பாவைப் பார்த்தாலே வெறுமையாக இருக்கிறது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது விசுவாசக் குறைவு இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய், மருத்துவம் இருக்கிறது. டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இந்தியா முழுவதும் இலவசமாக, தமிழிலும், மனநல ஆலோசனை கிடைக்கும். பிசாசின் கிரியை என்று சொல்லி யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். தேவன் எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தவர், உங்களுக்கு மாத்திரையும் கொடுப்பார்.

இனி கத்திவிட்ட பிறகு என்ன செய்வது என்பது. இதில்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கமே இல்லை. கத்திவிட்டு, மனசு கேட்காமல், சாயங்காலம் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடுகிறோம். பிள்ளை ஐஸ்கிரீமைச் சாப்பிடுவான், ஆனால் தப்புச் செய்தால் என்ன செய்ய வேண்டும் என்பதை அவன் கற்றுக்கொள்ளவில்லை. கீழே உட்காருங்கள், அவன் கண் உயரத்துக்கு. "அம்மா காலையில கத்தினேன். அது தப்பு. என்னை மன்னிச்சுக்கோ" என்று சொல்லுங்கள். "ஆனா நீ தண்ணியைக் கொட்டினதாலதான்" என்று சேர்க்காதீர்கள், சேர்த்தால் அது மன்னிப்பு இல்லை, இரண்டாவது திட்டு. தண்ணீர் கொட்டியதைப் பற்றி வேறு நேரத்தில் பேசிக்கொள்ளலாம். அப்புறம் அவன் முன்னாலேயே, "இயேசப்பா, நான் கோபப்பட்டுட்டேன், எனக்கு உதவி செய்யுங்க" என்று ஒரு வரி ஜெபியுங்கள். மனந்திரும்புதல், மன்னிப்பு என்று நாம் ஓய்வுநாள் பள்ளியில் படம் போட்டுச் சொல்லிக்கொடுப்பதை உங்கள் பிள்ளை ஒரு நிமிடத்தில் நேரில் பார்த்துவிடுவான். அம்மாவின் மரியாதை குறையுமோ என்று பயப்படவே வேண்டாம். தன் தப்பை ஒத்துக்கொள்ளும் அம்மாவிடம்தான் பிள்ளை வளர்ந்தபின் தன் தப்பையும் வந்து சொல்வான்.

அடிப்பதைப் பற்றி. பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான் என்று நீதிமொழிகளில் இருக்கிறதே என்பார்கள். அதே வேதத்தில், பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று கொலோசெயர் 3:21-ம் இருக்கிறது. 23-ஆம் சங்கீதத்தில் மேய்ப்பனுடைய கோலும் தடியும் தேற்றுகிறவையாக இருக்கின்றன. கண்டிப்பு வேண்டும், எல்லை வேண்டும், ஒருதரம் "கிடையாது" என்று சொன்னால் அழுகைக்கு இளகாமல் நிற்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது கோபத்தில் விழுகிற அடி. அதற்கு எந்த வசனத்தையும் துணைக்கு அழைக்க முடியாது. கை ஓங்குகிறது என்று தெரிந்த உடனே பிள்ளையைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

சூசன்னா வெஸ்லியைப் பற்றி நிறையப் பேர் பேசுவார்கள், நானும் பேசாமல் முடியாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி இருவருக்கும் தாய். 1669-இல் பிறந்து 1742-இல் இறந்தவர். 19 பிள்ளைகள் பெற்று, அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் கணவர் போதகர். கடன், வறுமை, 1709-இல் வீடு முழுக்கத் தீயில் எரிந்தது வேறு. அந்தத் தீயிலிருந்து கடைசி நேரத்தில் ஜன்னல் வழியாகத் தூக்கப்பட்ட ஐந்து வயதுப் பையன்தான் ஜான். சூசன்னாவின் கண்டிப்பை அப்படியே பின்பற்றச் சொல்ல மாட்டேன். ஒரு வயதுப் பிள்ளைகூடப் பிரம்புக்குப் பயந்து சத்தமில்லாமல் அழப் பழகியது என்று அவரே எழுதியிருக்கிறார், அதைப் படிக்கும்போது எனக்கு மனசு வலிக்கும். ஆனால் அவர் வீட்டு விதிகளில் சிலவற்றைப் பொன்போல எடுத்துக்கொள்ளலாம். தப்பை உண்மையாக ஒத்துக்கொண்டு திருந்துகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு அடி கிடையாது. ஒரே தப்புக்கு இரண்டு முறை தண்டனை கிடையாது, பழசைக் கிளறித் திட்டுவதும் கிடையாது. பிள்ளை நன்றாகக் கீழ்ப்படிந்தால் அதைச் சொல்லிப் பாராட்ட வேண்டும்.

அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளைக்கென்று தனியே ஒதுக்கி அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஜான் வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியராகிவிட்ட பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்சத்தை இப்போதும் எனக்குத் தர முடியுமா என்று தாய்க்குக் கடிதம் எழுதினார். உங்களுக்கு இரண்டே பிள்ளைகள். பாப்பா தூங்குகிற ஒரு மாலையில் பையனுக்கு மட்டும் கால் மணி நேரம் கொடுங்கள். ஃபோன் வேறு அறையில் இருக்கட்டும். அவன் டைனோசரைப் பற்றிப் பேசினால் டைனோசரைப் பற்றியே பேசுங்கள், அதை வேதபாடமாக மாற்றப் பார்க்காதீர்கள்.

வேதம் சொல்லிக்கொடுக்கும் விஷயத்தில் உபாகமம் 6:7 தாய்மாருக்கென்றே எழுதியதுபோல இருக்கும். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசு என்கிறது. இந்த நாலு நேரத்திலும் பிள்ளைகளோடு இருப்பது நீங்கள்தான், போதகர் ஐயா இல்லை. குடும்ப ஜெபத்தை நீட்டாதீர்கள். நாலு வயதுப் பிள்ளையை முழங்காலில் நிறுத்தி நாட்டுத் தலைவர்கள் தொடங்கி எல்லா மிஷனரிகளுக்கும் ஜெபித்து முடிப்பதற்குள் அவனுக்கு ஜெபமே கசந்துவிடும். பத்து நிமிடம் போதும். கை தட்டி ஒரு பாட்டு. ஒரு கதை, புத்தகத்தை வாசிக்காமல் நீங்களே சொல்வதாக. இன்று எதற்கு நன்றி சொல்லலாம் என்று ஆளுக்கு ஒன்று, அவன் "பூனைக்குட்டிக்கு" என்றால் பூனைக்குட்டிக்கு. அப்புறம் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். மாமியார் உங்களோடு இருந்தால் கதையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பாட்டி லோவிசாளைத்தான் முதலில் சொல்கிறார், தாய் ஐனிக்கேயாள் அடுத்துதான். கீர்த்தனைகளைப் புத்தகம் பார்க்காமல் பாடுகிற தலைமுறை அது. பேரனுக்குச் சொல்லிக்கொடுங்கள் அத்தை என்று நீங்கள் கேட்டாலே வீட்டில் பாதி உரசல் தணியும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆண்டவரைப் பூச்சாண்டியாக்காதீர்கள். "பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்", "சாப்பிடலைன்னா இயேசப்பா அடிப்பார்" என்று நல்ல விசுவாசக் குடும்பங்களிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கவளம் சோறு உள்ளே போவதற்காகப் பிள்ளைக்கும் தேவனுக்கும் நடுவில் ஒரு பயத்தை நட்டுவிடுகிறோம். அதைப் பிடுங்க அவனுக்கு நாற்பது வயதாகலாம்.

வீட்டுக்குள் வருகிற மற்றவர்கள்மேல் காட்டும் அன்பைப் பிள்ளைகள் இன்னும் கூர்மையாகக் கவனிப்பார்கள். பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிற கிறிஸ்தவ வீடுகள் இன்றும் உண்டு. சிங்க் அடியிலோ ஜன்னல் ஓரத்திலோ அந்த டம்ளர் தனியாகக் கவிழ்ந்து இருக்கும். வாசலில் வசன ஸ்டிக்கர், உள்ளே தனி டம்ளர். மிகவும் சிறியவராகிய இவர்களில் ஒருவனுக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்று மத்தேயு 25-இல் சொன்னவர் அந்த டம்ளரில்தான் காபி குடிக்கிறார். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், மாமியார் முகம் சுளித்தாலும் சரி. சாதி என்ற ஒன்று இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கற்றுக்கொள்வது இந்த மாதிரிப் பொருள்களிலிருந்துதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடும் அப்படித்தான். ஆராதனை முடிந்து வந்து குழம்பை ஊற்றிக்கொண்டே ஐயாவின் பிரசங்கத்தையும் பாடகர் குழுவையும் எதிர்வீட்டு அம்மாவின் புடவையையும் அலசுகிறோம். அதையும் கேட்டுக்கொண்டுதான் நாலு வயதுக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

கொடுப்பதைக் கையால் பழக்குங்கள். மிசோரம் சபைகளில் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்ற பணம் மிஷனெரிப் பணிக்குப் போகிறது. நம் பக்கத்துச் சபைகளிலும் பிடியரிசிக் காணிக்கை இருந்திருக்கிறது. அந்தப் பிடியை உங்கள் பையன் கையால் எடுக்கச் சொல்லுங்கள். சின்னக் கையில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவு. மாதக் கடைசியில் அந்த அரிசியை யாருக்குக் கொடுக்கிறோம் என்று அவனையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுங்கள். கிராம ஊழியம் போச்சே என்கிறீர்கள், அது இப்படியும் தொடரும்.

நீதிமொழிகள் 31-இல் குணசாலியான ஸ்திரீயைப் பற்றிய பாட்டைப் பார்த்துச் சோர்ந்துபோகிற பெண்கள் அதிகம், நீங்களும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். எபிரெயு அகரவரிசையின் 22 எழுத்துகளுக்கும் ஒவ்வொரு வசனமாகக் கட்டிய பாட்டு அது. ஒரு வாழ்நாளின் பலனைச் சேர்த்துப் பாடுகிறது, செவ்வாய்க்கிழமை செய்ய வேண்டிய வேலைப் பட்டியல் அதில் இல்லை. அந்த அம்மாவுக்கு வேலைக்காரிகளும் உண்டு, 15-ஆம் வசனத்தைப் பாருங்கள். இன்றைக்கு அதிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டுமானால் 26-ஐ எடுங்கள். தயையுள்ள போதகம் அவள் நாவின்மேல் இருக்கிறது.

கணவரைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் சுருக்கமாக. அவர் ஜெபத்தில் சேராவிட்டால் அதற்காகப் பிள்ளைகள் முன்னால் குத்திக்காட்ட வேண்டாம், நீங்கள் தொடருங்கள். ஐனிக்கேயாளின் கணவர் கிரேக்கர், அவரை விசுவாசி என்று அப்போஸ்தலர் 16 சொல்லவில்லை, ஆனாலும் அந்த வீட்டிலிருந்து தீமோத்தேயு வந்தான். பாத்திரம் கழுவவும் பாப்பாவைத் தூக்கவும் அவரை வெளிப்படையாகக் கேளுங்கள், மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் தனியாகச் சுமப்பதைத் தாழ்மை என்று நினைக்காதீர்கள். எந்த வீட்டிலாவது அடி உதை இருந்தால், பொறுத்துப்போவதுதான் கிறிஸ்தவ அன்பு என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

இத்தனையும் செய்தால் பிள்ளைகள் விசுவாசத்தில் நிற்பார்களா? அந்த வாக்குறுதியை நான் தர முடியாது. மோனிக்கா அம்மையார், பிற்காலத்தில் திருச்சபையின் பெரிய போதகரான தன் மகன் அகஸ்தீனுக்காக வருஷக்கணக்கில் அழுதார், ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து மிலான்வரை அவர் பின்னால் போனார். 387-ஆம் வருஷ ஈஸ்டரில் மகன் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணால் பார்த்தார், அதே வருஷம் ஊர் திரும்பும் வழியில் ஓஸ்தியாவில் இறந்தார். சூசன்னாவின் வீட்டிலோ இரண்டு மகன்கள் உலகம் அறிந்த ஊழியர்களானார்கள், சில மகள்களின் வாழ்க்கை கண்ணீராகவே போயிற்று. ஒரே தாய், ஒரே வளர்ப்பு. பலனைத் தேவன் கையில் விட்டால்தான் உங்களால் பிள்ளையை ஒரு பிள்ளையாகப் பார்க்க முடியும். இல்லாவிட்டால் அவனுடைய ஒவ்வொரு குறும்பும் உங்கள் விசுவாசத்துக்கு வந்த தேர்வு முடிவுபோலத் தெரியும், கோபமும் அதற்கேற்ப வரும்.

கடைசியாக, இதைத் தனியாகச் செய்யாதீர்கள். திருவிருந்து ஞாயிறன்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆலயத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆராதனை முழுவதும் நிற்கிற தாய்மாரை எல்லாச் சபையிலும் பார்க்கலாம். ரோமர் 16:13-இல் பவுல் ரூபின் தாயை "எனக்கும் தாயாகிய" என்று சொல்லி வாழ்த்துகிறார், அப்படி ஒரு அம்மா உங்கள் சபையிலும் கட்டாயம் இருப்பார். பிள்ளைகளெல்லாம் வெளியூரில், கையில் தூக்க ஒரு குழந்தை கிடைக்காதா என்று இருப்பவர். வருகிற ஞாயிறு அவரிடம் போய், "அம்மா, பந்திக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் பாப்பாவைப் பிடிச்சுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு இருக்க முடியுமா என்றும் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் துணி மடிக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்துத் தூங்குங்கள்.